வெளிப்புற மரத்தில் பெயின்ட் நிற்கவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்ததும் கை சுரண்டியைத் தேடும். அதற்கு முன் உரிந்து விழுந்த சில்லு ஒன்றை எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். முதுகில் மரநார் ஒட்டியிருக்கிறதா, பழைய பெயின்டின் நிறம் தெரிகிறதா, மாவு படிந்திருக்கிறதா, அல்லது பிரைமர் (மரத்தில் முதலில் பூசும் அடிப்பூச்சு) சுத்தமாகக் கழன்று வந்திருக்கிறதா? இந்த நான்குக்கும் நான்கு வெவ்வேறு காரணங்கள்.

அடுத்து இடத்தைக் கவனியுங்கள். வெயில் அறையும் சுவரில் மட்டுமா, குளியலறைக்கும் சமையலறைக்கும் வெளிப்பக்கத்திலா, ஜன்னலின் கீழ்க்கட்டையிலா, பலகைகளின் முனையிலா, தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலா? சுவர் முழுக்க ஒரே மாதிரி உரிந்தால் குற்றம் பெரும்பாலும் பெயின்ட் அடித்த முறையில். ஓர் இடத்தில் மட்டும் உரிந்தால் பெரும்பாலும் அங்கே தண்ணீர் வருகிறது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எத்தனை விலையுயர்ந்த பெயின்டை அடித்தாலும் அடுத்த மழைக்குப் பின் அதே இடம் உரியும்.

சோதிக்கத் தேவையானவை கொஞ்சம்தான்: குத்தூசி அல்லது கூரான திருப்புளி, கூரிய கத்தி, ஒட்டுநாடா, கறுப்புத் துணி, ஒரு சொட்டு பிளீச். இரண்டு முள் உள்ள ஈரமானி ஒன்று இருந்தால் வாதமே இல்லை. முள்ளை மர இழை ஓடும் திசையில், வெறும் மரத்தில் குத்திப் பார்க்க வேண்டும். 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பெயின்ட் அடிக்கலாம். 18-க்கு மேல் காட்டினால் டப்பாவையே திறக்க வேண்டாம்.

சுரண்டுவதற்கு முன்

பழைய வீடு என்றால் அடியில் உள்ள பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். ஒரு சில்லை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது உறுதியான வழி. அது முடியாவிட்டால் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பெயின்டை உலர்வாகத் தேய்க்கக்கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டுங்கள். கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விழுந்த சில்லுகளை அன்றன்றே சுருட்டிக் கட்டுங்கள். துணி முகக்கவசம் ஈயத் தூசியைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். சாதாரண வேக்குவம் கிளீனர் தூசியைப் பின்பக்கமாகக் காற்றில் கக்கிவிடும் என்பதால் நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதையே பயன்படுத்த வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது.

ஊது விளக்கு எனப்படும் தீச்சுடர் கருவியைத் தொடவே தொடாதீர்கள். சுமார் 590 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஈயம் ஆவியாக எழும். அது ஒரு புறம் இருக்க, பலகைக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் கிடக்கும் தூசியும் பறவைக் கூட்டுக் குப்பையும் கண்ணுக்குத் தெரியாமல் பற்றி, ஆட்கள் போன பிறகு எரியத் தொடங்கும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியிலும் இதே ஆபத்து உண்டு. குறைந்த சூட்டில் வைத்து, இடுக்குகளை விட்டு விலக்கிப் பிடிக்க வேண்டும்.

உரிந்த இடத்தில் வெறும் மரம் தெரிகிறது

மிகப் பெரிய புகார் இதுதான். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பின்னாலிருந்து வரும் ஈரம். மரத்துக்குள் புகுந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகி வெளியே வர முயலும்போது பெயின்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சில்லின் முதுகில் பிரைமர் முழுசாக இருக்கும், மரமும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். குளியலறையின் வெளிச்சுவர், ஓட்டை விழுந்த கூரைப் பீலிக்குக் கீழ்ப்பகுதி, ஜன்னலின் இரு கீழ்மூலைகள், மண்ணைத் தொட்டு நிற்கும் பலகைகள் ஆகியவற்றில் இது வரும். பீலியைச் சரிசெய்வது, குளியலறைக் காற்றை விசிறி வைத்து வெளியே தள்ளுவது, மண்ணை வெட்டி பலகையின் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது ஆகியவையே இதற்கு மருந்து. பெயின்ட் அதற்கப்புறம்.

பலகையின் அறுத்த முனைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மரம் நின்றபோது நீரை மேலே ஏற்றிய குழல்கள் அந்த முனையில்தான் வாய் திறந்திருக்கின்றன. பலகையின் முகம் குடிப்பதைவிடப் பல மடங்கு தண்ணீரை முனை குடிக்கும். பெயின்ட் அடிப்பவர்கள் முகத்துக்கு மூன்று கோட் அடித்துவிட்டு முனையைத் தூரிகையால் தொட்டுவிட்டுப் போவது வழக்கம். கதவின் அடிவிளிம்பு இன்னும் மோசம்: கதவை மாட்டிய பிறகு அங்கே தூரிகையே போகாது. உரிதல் ஒரு முனையிலிருந்து தொடங்கி உள்ளே பரவியிருந்தால் முனையைச் சுத்தமாகத் தேய்த்து, பிரைமர் ஊறிக் காய்ந்த பிறகு இரண்டாவது முறையும் பிரைமர் கொடுங்கள். கதவைக் கழற்றி அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் அடியுங்கள். புதுப் பலகை அடிப்பதாக இருந்தால் மாட்டுவதற்கு முன்பே முன்பக்கம், பின்பக்கம், முனைகள் எல்லாவற்றுக்கும் பிரைமர் அடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது காரணம், வெயிலில் கிடந்து வெளுத்த மரத்தின்மேல் அடித்தது. சில்லின் முதுகில் சாம்பல் நிறமாய்ப் பஞ்சுபோல் மரநார் ஒட்டியிருந்தால் இதுதான். மரநார்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் உடைத்துவிடுகிறது. பெயின்ட் மேல்நாரைப் பிடித்திருக்கிறது. மேல்நார்தான் மரத்தைப் பிடிக்கவில்லை. மரம் சாம்பல் நிறமாக மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புது மரம் இரண்டு மூன்று வாரம் வெயிலில் நின்றாலே பிடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துவிடும். 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் சாம்பல் போய்ப் புதுமரத்தின் நிறம் வரும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, அந்த வாரத்துக்குள் பிரைமர் அடித்துவிடுங்கள். ஆனால் 180, 220 என்று மெல்லிய தாளுக்குப் போய்ப் பளபளப்பாக்க வேண்டாம். அது மேஜைக்குச் சரி, வெளிச்சுவருக்கு ஆகாது. பிரைமர் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும்.

மூன்றாவது காரணம் மரத்தின் வெட்டிலேயே இருக்கிறது. உரிந்த இடங்கள் மரத்தின் ரேகையைப் பின்பற்றி நீள நீளப் பட்டைகளாக இருக்கின்றனவா? பைன் போன்ற மரங்களைத் தட்டையாக அறுக்கும்போது, ஆண்டு வளையத்தின் கடினமான அடர்நிறப் பகுதி முகத்தில் அகலமாக விழும். அந்தப் பகுதி பெயின்டை உறிஞ்சாது, ஈரத்தில் மற்ற பகுதியைவிட அதிகமாகப் பருக்கும். முழுக்கத் தீர்க்க முடியாத குறை இது. நன்றாகச் சொரசொரப்பாக்கி, வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் (தண்ணீரில் கலக்கும் வகைப் பெயின்ட்) மேல்பூச்சு அடித்தால் தள்ளிப்போடலாம். புதுப்பலகை வாங்கும்போது ரேகை நெருக்கமாக, நேராக ஓடுவதைப் பொறுக்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

புது இழைப்புப் பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்துப்போல் நின்றால் மேற்பரப்பு இறுகிப் பளபளத்திருக்கிறது, அல்லது நீர்விலக்கி பூசப்பட்டிருக்கிறது. தேய்த்துவிட்டு மறுபடி சொட்டுவைத்துச் சோதியுங்கள்.

கொப்புளம் எழுந்திருக்கிறது

கத்தியால் ஒன்றை அறுத்துத் திறந்து பாருங்கள். அடியில் வெறும் மரம் தெரிந்தால் அது ஈரக் கொப்புளம். மேலே சொன்ன முதல் காரணத்துக்குத் திரும்புங்கள். அடியில் பழைய பெயின்ட் தெரிந்தால் அது சூட்டுக் கொப்புளம். கொதிக்கும் வெயில் நேராக விழும்போது அடித்ததில் மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் ஆவியாகி உப்பியிருக்கும். எண்ணெய் எனாமலில், அதிலும் அடர்நிறத்தில், அடித்த ஓரிரு நாளிலேயே இது தெரிந்துவிடும். கொப்புளங்களைச் சுரண்டி, ஓரங்களைத் தேய்த்துச் சரித்து, நிழல் வந்த பிறகு அடித்தால் போதும். வெயிலுக்குப் பின்னால் போகும் வரிசையில் வேலையை அமைத்துக்கொள்ளுங்கள்: காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர்.

மேல்பூச்சு மட்டும் தகடாகக் கழல்கிறது

அடிப்பூச்சு அப்படியே இருக்க, புதிதாக அடித்தது மட்டும் சுருளாக வருகிறது. சில்லின் முதுகைக் கறுப்புத் துணியில் தேயுங்கள். வெள்ளைமாவு வந்தால் பழைய பெயின்ட் சுண்ணாம்புபோல் உதிர்ந்துகொண்டிருந்தபோதே அதன்மேல் அடித்திருக்கிறார்கள். மாவு வராமல் முதுகு கண்ணாடிபோல் இருந்தால், பளபளப்பான எனாமலைத் தேய்க்காமல் அடித்தது காரணம். கூரை நுனிக்கு அடியில், மழை படாத பகுதியில் மட்டும் இப்படிக் கழன்றால் அங்கே கழுவப்படாமல் சேர்ந்த உப்பும் அழுக்கும்தான் குற்றவாளி. அந்தப் பகுதிக்கு மழை எட்டாது என்பதால் பெயின்ட் நல்ல நிலையில் இருப்பதாக நினைத்து விட்டுவிடுவார்கள். உண்மையில் கையால் கழுவ வேண்டிய முதல் இடம் அது.

மீதிச் சுவரை நம்பலாமா என்று தெரிய, கத்தியால் பெருக்கல் குறி போட்டு மரம்வரை கீறுங்கள். அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். நாடாவோடு பெயின்ட் வந்தால் அதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். சுவருக்கு நாலைந்து இடத்தில் செய்து பாருங்கள். நல்ல இடத்தில் மட்டும் சோதித்துத் திருப்திப்பட்டுக்கொள்வது மனித இயல்பு.

மாவு உதிரும் சுவரைச் சோப்புத் தண்ணீரும் நார்த்தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் கறுப்புத் துணியால் மறுபடி துடைத்துப் பாருங்கள். லேசாக மட்டும் மாவு இருந்தால் ஊடுருவும் எண்ணெய் பிரைமர் அதைக் கட்டிவிடும். துணி வெளுத்தால் இன்னொரு முறை கழுவுங்கள். அக்ரிலிக் பெயின்டை நேரடியாக மாவின்மேல் அடிக்கக்கூடாது. அதற்கு ஊடுருவும் சக்தி குறைவு, மாவின்மேலேயே உட்கார்ந்துவிடும்.

அழுத்தநீர்த் துப்பாக்கியால் கழுவுவது பற்றி: வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மரத்துக்கு அது எதிரி. அருகில் பிடித்தால் இழையைக் கிழித்துப் பஞ்சாக்கும். கீழிருந்து மேலாகப் பாய்ச்சினால் பலகை இடுக்கு வழியாகச் சுவருக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். தோட்டக் குழாயும் தூரிகையும் போதும். கழுவிய பின் குறைந்தது இரண்டு மூன்று உலர்ந்த நாள் காயவிடுங்கள். நிழற்பக்கச் சுவருக்கு இன்னும் கூடுதலாக.

முதலைத்தோல்போல் வெடித்திருக்கிறது

பல ஆண்டுகளாகக் கோட் மேல் கோட் ஏறி, எண்ணெய்ப் பெயின்ட் தடித்து இறுகிவிட்டது. மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்குகிறது. மேலிருக்கும் ஓடு அசைய மறுத்து வெடிக்கிறது. வெடிப்பு மர இழைக்குக் குறுக்கே போனால் பூச்சின் கனமே காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். இதற்கு மேல்பூச்சு வைத்தியம் கிடையாது. வெடிப்பில் பட்டி நிரப்பித் தேய்த்து அடித்தால் ஒரு பருவம் அழகாக இருக்கும், பிறகு புதுப் பெயின்டும் சேர்ந்து வெடிக்கும். மரம்வரை முழுக்க எடுத்துவிட வேண்டும். சுவர் முழுக்க இப்படி இல்லாமல் வெயில் பக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும்.

பெயின்ட் மெல்லியதாக இருந்தும், வெடிப்பு இழையோடு நீளவாக்கில் மயிரிழைபோல் போனால் வேறு கதை. அங்கே மரமே பிளக்கிறது. தேய்த்து, பிரைமர் அடித்து, அக்ரிலிக்குக்கு மாறுங்கள்.

கறுப்புப் புள்ளிகள்: பூசணமா, அழுக்கா?

பிளீச் ஒரு சொட்டு விட்டு ஓரிரு நிமிடம் பாருங்கள். வெளுத்தால் பூசணம், அப்படியே இருந்தால் அழுக்கு. பூசணத்தின்மேல் பெயின்ட் அடித்தால் அது புதுப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வீட்டுப் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, கீழிருந்து மேலாகப் பூசி, 15 நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருந்து, தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். செடிகளை முன்கூட்டியே நனைத்து மூடிவையுங்கள். பிளீச்சோடு அமோனியா உள்ள கிளீனரையோ எந்த அமிலத்தையோ சேர்க்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். அடுத்த பகுதியில் ஆக்ஸாலிக் அமிலம் வருகிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே சுவரில் பயன்படுத்தாதீர்கள்.

கிளைகள் சுவரைத் தொட்டு நிழலும் ஈரமும் தங்கும் இடத்தில்தான் பூசணம் குடியிருக்கும். பெயின்டில் பூசணத்தடுப்பு மருந்து இருந்தாலும் கிளையை வெட்டுவதற்கு அது ஈடாகாது.

பழுப்புக் கறை, மஞ்சள் வட்டம், ஆணியைச் சுற்றிக் கறுப்பு

மூன்றும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மருந்து வேறு.

செந்நிற மரங்களில் டானின் என்ற நிறமேற்றும் துவர்ப்புப் பொருள் உண்டு. அது தண்ணீரில் கரைந்து வெள்ளைப் பெயின்ட் வழியாகத் தேநீர் ஒழுகியதுபோல் இறங்கும். சுவர் முழுக்கப் பரவலாக இருந்தால் நீர் பிரைமருக்குப் பதில் கறைதடுக்கும் எண்ணெய் பிரைமர் அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு மேல்பூச்சு அடிக்க வேண்டும். கறை கோடுகளாக ஒழுகியிருந்தால் பலகைக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். அதை நிறுத்தாமல் எந்த பிரைமரும் உதவாது.

கணு இருக்கும் இடத்தில் மட்டும் மஞ்சள் வட்டம் வந்தால் அது பிசின். கட்டியாக நிற்கும் பிசினைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, கணுவின்மேல் மட்டும் ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் இரண்டு கை கொடுங்கள். பிறகு சுவர் முழுக்க வழக்கமான பிரைமர். வெயிலில் மறுபடி மறுபடி பிசின் வடிக்கும் கணுவை ஜெயிக்க முடியாது. அந்தத் துண்டை வெட்டி மாற்றுவதுதான் வழி.

ஆணியைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பு இருந்தால், டானினும் இரும்பும் சேர்ந்து மை ஆகியிருக்கின்றன. பழைய காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் செய்தார்கள். பிளீச் இதை எடுக்காது. ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கறையில் பூசி, 20 நிமிடம் கழித்து நன்றாகக் கழுவுங்கள். நச்சுப்பொருள் இது, தூளை மூச்சில் இழுக்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கித் துருப்பிடிக்காத எஃகு ஆணியோ உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணியோ அடியுங்கள். பிடுங்க முடியாதென்றால் தலையைச் சுத்தியலால் 3 மில்லிமீட்டர் உள்ளே இறக்கி, துரு எடுத்து, துருத்தடுப்பு பிரைமர் தொட்டு, மேலே பட்டி வையுங்கள்.

பட்டி உதிர்கிறது, இடுக்கு அடைப்பு பிளக்கிறது

பட்டி கட்டியாக வெளியே விழுந்து, குழி காய்ந்த மரமாக இருந்தால் பிரைமர் இல்லாமல் வெறும் மரத்தில் பட்டி வைத்திருக்கிறார்கள். பட்டியிலுள்ள எண்ணெயை மரம் குடித்துவிட, மிச்சம் சுண்ணாம்புப் பொடி. பிரைமர், பிறகு பட்டி, பட்டிமேல் மறுபடி பிரைமர், அதன்பின் மேல்பூச்சு என்பதுதான் வரிசை. உட்சுவருக்கான பட்டி வெளியே மழையில் ஊறிக் கரையும். டப்பாவில் வெளிப்புறத்துக்கானது என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

இடுக்கு அடைப்பில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, சிலிகான். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது, மீன்கண்போல் விலகும். ஏற்கெனவே இருப்பதை முழுக்க வெட்டி எடுத்து, பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் அல்லது பாலியுரிதேன் அடைப்பு போடுங்கள். இன்னொன்று, ஆழமான இடுக்கை அடைப்பாலேயே நிரப்புவது. அடைப்பு இரு பக்கமும் மட்டும் ஒட்டி, ரப்பர்போல் இழுபட வேண்டும். மூன்றாவதாக அடியிலும் ஒட்டினால் இழுபட வழியில்லாமல் கிழியும். 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான இடுக்கில் முதலில் நுரைக்கயிற்றை உள்ளே தள்ளி, அடைப்பின் ஆழம் அகலத்தில் பாதி இருக்கும்படி போடுங்கள்.

எல்லா இடுக்கையும் அடைக்கவும் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று கவிந்து நிற்கும் பலகைச் சுவரில், பலகையின் கீழ்விளிம்புக்கு அடியில் உள்ள இடைவெளி உள்ளே போன ஈரம் வெளியே வரும் வழி. "காற்றுப் புகாமல் அடைத்துத் தருகிறேன்" என்று அதை மூடினால் அடுத்த ஆண்டு, வெறும் மரம் தெரிய உரியும் பகுதிக்கே திரும்பிவிடுவீர்கள். ஜன்னல் கீழ்க்கட்டையின் அடியில் வெட்டியிருக்கும் நீர்சொட்டுக் காடியையும் பட்டியாலோ பெயின்டாலோ நிரப்பிவிடாதீர்கள். ஓடிவரும் தண்ணீர் சுவருக்குப் போகாமல் அங்கே சொட்டி விழுவதற்காகத்தான் அது இருக்கிறது.

குத்தினால் ஊசி உள்ளே போகிறது

மேலே பெயின்ட் நன்றாக இருக்கும், அடியில் மரம் இற்றுப்போயிருக்கும். குத்தூசியைச் சாய்வாகக் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிராயாகப் பிரியும், சத்தம் கேட்கும். இற்ற மரம் குறுக்கே சத்தமில்லாமல் பிஸ்கட்போல் ஒடியும். ஜன்னல் கீழ்க்கட்டை, நிலைக்காலின் அடி, மூலைப் பலகையின் அடிமுனை ஆகிய மூன்று இடத்திலும் கட்டாயம் குத்திப் பாருங்கள்.

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே அது வளராது. எனவே "காய்ந்த மக்கல்" என்று பேச்சில் சொன்னாலும், ஒரு காலத்தில் ஈரம் இல்லாமல் எந்த மரமும் மக்கியதில்லை.

கைவிரல் அளவு சேதம், சுமை தாங்காத இடம் என்றால் இற்றதையெல்லாம் உளியால் எடுத்துவிட்டு, ஈரம் 15-க்கு இறங்கும்வரை காயவிட்டு, பூஞ்சையைத் தடுக்கும் போரேட் மருந்து தடவுங்கள். அது காய்ந்ததும் மேலே படிந்த உப்பைத் துடைத்துவிட்டு, நீர்த்த எபாக்ஸியை ஊறவிட்டு, பிறகு எபாக்ஸிப் பட்டியால் வடிவம் கொடுங்கள். ஈர மரத்தில் எபாக்ஸி ஊற்றினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த மாதிரி. சேதம் அதைவிடப் பெரிதாக இருந்தால், அல்லது அந்த மரம் எதையாவது தாங்கினால், வெட்டி மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைத் தாண்டிக் கூடுதலாக அரை முழம் வெட்டிவிடுவது நல்லது.

இப்போதுதான் அடித்தது, ஆனால்...

*பிசுபிசுப்புப் போகவில்லை.* எண்ணெய்ப் பெயின்டைக் கனமாக அடித்திருக்கலாம், குளிரிலோ ஈரக்காற்றிலோ அடித்திருக்கலாம். ஒரு வாரம் காற்றாட விட்டுப் பாருங்கள். தேக்குபோல் எண்ணெய்ப்பசை உள்ள மரத்தில் இது நடந்தால் மரத்தின் எண்ணெயே காயவிடாமல் தடுக்கிறது. சுரண்டி எடுத்து, மரத்தை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் பிரைமர் அடியுங்கள். மறுநாள் அடித்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

*தோல் சுருங்கியிருக்கிறது.* கனமான கோட், அல்லது அடிக்கோட் காயுமுன் அடித்த மேல்கோட். முழுக்கக் காய்ந்த பின் தேய்த்து, மெல்லியதாக மறுபடி அடிக்க வேண்டும்.

*பழுப்பான ஒட்டும் கோடுகள் வழிந்திருக்கின்றன.* புது அக்ரிலிக்கில், பனி விழுந்த இரவுக்கு மறுநாள் இது தெரியும். பெயின்டில் உள்ள கலவைப்பொருள் தண்ணீரில் கரைந்து வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரால் கழுவிவிடுங்கள், தானாகவும் நின்றுவிடும். பதறிப்போய் மேலே இன்னொரு கோட் அடிக்காதீர்கள்.

*பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரிகிறது.* காய்ந்த ஓரத்தின்மேல் ஈரத்தூரிகை ஏறியிருக்கிறது. மூன்று நான்கு பலகைகளை மட்டும் எடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் முடியுங்கள். ஓய்வு எடுப்பதை மூலையிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

*இரண்டாவது மழைக்குள் வெளுத்து மெலிந்துவிட்டது.* இது அளவுக் கணக்கு. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று அடித்தால் ஈரத்தில் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) கனம் கிடைக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் அதில் 35 முதல் 40 மைக்ரான்தான் மிஞ்சும். பிரைமர் ஒன்று, மேல்பூச்சு இரண்டு சேர்த்து 100 முதல் 125 மைக்ரான் வந்தால்தான் வெளிப்புற மரத்துக்குக் காவல். அதே லிட்டரைத் தண்ணீர் கலந்து 14 சதுர மீட்டருக்கு இழுத்தால் கோட் ஒன்றுக்கு 25-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள சுவர் 18 சதுர மீட்டர்; கவிந்த பலகைகளின் விளிம்புக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறத்தாழ 20. பிரைமர் 2 லிட்டர், மேல்பூச்சு 4 லிட்டர். வேலை முடிந்தபின் டப்பாவில் பாதி மீந்திருந்தால் சிக்கனம் என்று மகிழ வேண்டாம். இழைக்காத சொரசொரப்புப் பலகை ஏறத்தாழ இரு மடங்கு குடிக்கும், அதற்கேற்ப நீண்ட நாள் தாங்கவும் செய்யும்.

*காலையில் அடித்தது நன்றாக, மாலையில் அடித்தது மங்கலாக இருக்கிறது.* பனி. அக்ரிலிக்குக்கு 10 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடச் சுவரின் சூடு 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். பனி இறங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தூரிகையைக் கழுவிவிடுங்கள்.

பிரைமர் அடித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவைத்திருந்தால் அதுவும் வெயிலில் மாவாகியிருக்கும். இரண்டு வாரத்துக்குள் மேல்பூச்சு ஏற வேண்டும். தாண்டிவிட்டால் கழுவி, லேசாகத் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்துத் தொடருங்கள்.

ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய்ப் பெயின்டோ துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது தானே சூடாகித் தீப்பற்றும். தனித்தனியாக வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கடியுங்கள்.

கதவு நிலையோடு ஒட்டிக்கொள்கிறது

அக்ரிலிக் தொடும்போது காய்ந்திருந்தாலும் முழுக்க இறுகச் சில வாரம் ஆகும். அதற்குள் கதவை இறுக்கமாகச் சாத்தினால் இரண்டு பூச்சும் ஒன்றையொன்று பிடித்து, திறக்கும்போது மரம்வரை பெயர்ந்து வரும். பெயர்ந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் தொட்டு, மெல்லியதாக ஒரு கோட் கொடுங்கள். காய்ந்ததும் நிலையின் உள்விளிம்பில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிடுங்கள். மெழுகு தடவிய இடத்தில் அடுத்த முறை பெயின்ட் ஒட்டாது. அப்போது தின்னரால் துடைத்த பிறகே அடிக்க வேண்டும் என்பதை நிலையின் மேல்விளிம்பில் பென்சிலால் எழுதிவையுங்கள்.